டேப் ஒட்டிய வீடு

முதல்லயே சொல்லிடறேன், நான் முட்டாள் இல்ல. எந்த கம்பெனி வாஷிங் மெஷினா இருந்தாலும் அது சுத்துற சத்தத்தைக் கேட்டே எது போயிருக்குன்னு சொல்லிடுவேன். பதினாறு வருஷமா அதான் தொழில். ஆனா ஒரு வரி படின்னு காகிதத்தை நீட்டுங்க, எனக்கு வேர்த்து ஊத்திடும். எழுத்து எனக்கு ஒரு இடத்துல நிக்காது. மூணு எட்டாகும், ஆறு ஒன்பதாகும், மேல் வரி கீழ இறங்கி வந்து உக்காந்துக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, ஒரு வேலையைச் செஞ்சேனா செய்யலையான்னே எனக்கு ஞாபகம் இருக்காது. பல் தேய்ச்சேனான்னு பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். சிரிக்காதீங்க. முப்பத்திரண்டு வயசுல ஒரு டாக்டர் ரெண்டு நாள் உக்கார வெச்சு சோதனை பண்ணி, முதலாவதுக்கு டிஸ்லெக்சியான்னும் ரெண்டாவதுக்கு ஏடிஹெச்டின்னும் பேர் சொன்னார். அது வரைக்கும் அதுக்கு மரமண்டைன்னுதான் பேர்.

பேர் தெரிஞ்சதும் நானும் என் பொண்டாட்டியும் வீட்டையே எனக்கு ஏத்த மாதிரி மாத்தினோம். கண்ணுல படாத பொருள் எனக்கு இல்லாத பொருள். அதனால சமையலறை அலமாரிக்கெல்லாம் கதவைக் கழட்டிட்டோம். வண்டிச் சாவி வாசக் கதவுக் கைப்பிடியிலயே தொங்கும், அதைத் தொடாம நான் வெளியவே போக முடியாது. குளியலறையில பெரிய முள்ளு வெச்ச கடிகாரம், இல்லேன்னா நான் தண்ணிக்கடியிலயே ஒரு மணி நேரம் நின்னுடுவேன். பட்டறையில ஸ்க்ரூ டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதல, அந்தந்த ஸ்க்ரூவையே டப்பா மேல ஒட்டியிருக்கேன். பழைய ஃபோன் ஒண்ணு அடுப்படியிலயே கிடக்கும், ஒவ்வொரு வேலைக்கும் அது ஒரு பாட்டு பாடும். வீடு முழுக்கக் கலர் டேப். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா நாலு வருஷமா அடுப்புல வெச்சது எதுவும் தீஞ்சதில்ல, யார் வீட்டு வேலையும் மறந்ததில்ல.

இதுல எல்லாத்தையும் விட முக்கியமான இடம் ஒண்ணு இருக்கு.

எங்க பொண்ணுக்கு ஆறு வயசு. வீட்டுல சுண்டெலின்னு கூப்பிடுவோம், பொடிசா இருந்துக்கிட்டு எல்லா மூலையிலயும் ஓடுவா. மூணு வயசுல அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்துச்சு. அந்த ஒன்றரை நிமிஷத்தை நான் வாழ்நாள்ல மறக்க மாட்டேன், மறக்கறதுல நான் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். அதுலேருந்து காலையில எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் எட்டு மணிக்கு ஒரு தடவை ஒரு சிரப். தடவைக்கு நாலு மில்லி. விட்டுப்போனா வலிப்பு திரும்பி வரலாம். கூடிப்போனா மயக்கம் அதிகமாகி மூச்சு குறையலாம். குடுத்தேனா குடுக்கலையான்னு ஞாபகம் இல்லாத ஒருத்தன் கையில இப்படி ஒரு மருந்தைக் குடுத்தா எப்படி இருக்கும், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சோம். அடுப்படி ஜன்னல் பக்கத்துச் சுவத்துல ரெண்டு ஆணி. ஒண்ணைச் சுத்தி சிவப்பு டேப், இன்னொண்ணைச் சுத்தி நீல டேப். மருந்து உறிஞ்சற, ஊசி இல்லாத சிரிஞ்சை ஒரு நூல்ல கட்டி ஆணியில மாட்டி வெப்போம். காலையில எழுந்திரிக்கும்போது அது சிவப்புல இருக்கும். மருந்து குடுத்த உடனே கழுவி நீலத்துக்கு மாத்திடணும். ராத்திரி குடுத்ததும் திரும்ப சிவப்புக்கு. சிரிஞ்சு எந்த ஆணியில இருக்குன்னு பார்த்தா போதும், குடுத்தாச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும். நாலு மில்லி கோட்டுக்கு நேரா சிரிஞ்சைச் சுத்தி மெல்லிசா ஒரு பச்சை டேப். நம்பரே பார்க்க வேண்டாம், டேப் வரைக்கும் இழுத்தா சரி. மூணு வருஷத்துல ஒரு நாள் கூடத் தப்பு நடக்கல.

அப்புறம் என் பொண்டாட்டிக்கு வேலையில அஞ்சு நாள் பயிற்சின்னு வெளியூர் போக வேண்டி வந்துச்சு. பயிற்சி நடக்கற ஹால்ல ஃபோனை வாங்கி வெச்சுக்குவாங்களாம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலதான் கையில குடுப்பாங்களாம். நான் தனியா சமாளிச்சுக்குவேன்னுதான் சொன்னேன். அவ கேக்கல, எங்க அக்காவுக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லிட்டா.

அக்காவைப் பத்திச் சொல்லணும். என்னை விடப் பதினொரு வயசு மூத்தவ. அம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அவதான். சோறு போட்டதும் அவ, அடி போட்டதும் அவ. பாடம் வாசிடா வாசிடான்னு மர ஸ்கேலால புறங்கையில வெப்பா பாருங்க, இப்ப நினைச்சாலும் கையை இழுத்துக்கத் தோணும். இப்போ சொந்தமா தையக்கடை வெச்சிருக்கா, நாலு பேர் வேலை பார்க்கறாங்க. ரொம்பக் கெட்டிக்காரி. ஒருத்தரோட அளவையும் நோட்டுல எழுத மாட்டா. ஆளுக்கு ஒரு நாடா, தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, அப்படியே கொக்கியில மாட்டி வெச்சிருப்பா. "எழுதி வெச்சுப் பார்க்கறவளுக்குக் கையில தொழில் இல்லடா" அப்படின்னு பெருமையாச் சொல்லுவா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பையோட வந்து இறங்கினா. செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சுட்டா.

"என்னடா இது, வீடா பழைய சாமான் கடையா? அலமாரிக் கதவெல்லாம் எங்கடா போச்சு? எலி தின்னுடுச்சா?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு கழட்டினோம்க்கா."

"கரப்பான்பூச்சிக்கும் காத்தோட்டம் வேணும்ல, பாவம்." சுத்தி வந்தவ, ஜன்னல் பக்கம் போய் நின்னா. "இது என்ன ஆணிக்குச் சட்டை போட்டு விட்டிருக்கே, சிவப்பும் நீலமுமா?"

இங்கதான் நான் தப்புப் பண்ணினேன். முப்பத்தாறு வயசு ஆம்பளை, ஒரு குழந்தைக்கு அப்பன், சொந்தமா வண்டி வெச்சுத் தொழில் பண்றவன். அக்கா முகத்தைப் பார்த்ததும் புறங்கை சுருங்கிடுச்சு. எனக்கு ஞாபகம் நிக்காதுக்கா, நம்பர் தெரியாதுக்கா, அதுக்குத்தான் இதுன்னு சொல்ல நாக்கு எழல. அந்த டாக்டர் சொன்னதையே அவகிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல.

"சும்மாதான்க்கா. சுண்டெலி விளையாடறதுக்கு ஒட்டினா," அப்படின்னேன்.

"மருந்து எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு. அதை நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத."

"ஏன், நான் குடுத்தா தொண்டையில இறங்காதா?" அப்படின்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி அவ குளிக்கப் போயிருந்த நேரமாப் பார்த்து மருந்தைக் குடுத்து சிரிஞ்சை சிவப்புல மாட்டினேன்.

சனிக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு ஒரு வாடிக்கையாளர் ஃபோன் பண்ணினார். மெஷின்லேருந்து தண்ணி கொட்டுது, வீடே மிதக்குதுன்னு ஒரே அலறல். நான் வாசலுக்கு வெளிய நின்னு, குழாயை எப்படி அடைக்கணும், எந்த மூடியைத் திருகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்த மாதிரி விஷயத்துல மாட்டினா எனக்கு உலகமே தெரியாது. ஃபோனை வெச்சுட்டு உள்ள வந்தப்போ மணி எட்டே கால். பாட்டுச் சத்தம் கேக்கவே இல்லையேன்னு அடுப்படிக்குப் போனேன்.

நான் ஃபோன்ல இருந்த நேரத்துல அக்கா துடைச்சு அடுக்கி, அடுப்படி பளபளன்னு இருந்துச்சு. ஆணி ரெண்டும் மொட்டை. டேப் இல்ல, நூலும் இல்ல. சிரிஞ்சு நல்லாக் கழுவி ஒரு டம்ளர்ல நிமிர்ந்து நிக்குது. அதுல இருந்த பச்சை டேப்பையும் காணோம்.

சிரிஞ்சு ஆணியில இல்லேன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் குடுத்தேனா? இல்ல, ஃபோன் பேசிக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி? ஏழரைக்கு எழுந்தேன், பால் காய்ச்சினேன், சுண்டெலிக்கு முகம் கழுவி விட்டேன். மருந்து? முந்தாநாள் குடுத்ததும், நேத்து குடுத்ததும், இன்னைக்குக் குடுத்த மாதிரியே கண்ணு முன்னாடி வருது. எது எந்த நாள்னு தலையை உடைச்சாலும் தெரியல. பாட்டு பாடல, அதனால குடுக்கல. அப்படித்தான் நான் முடிவு பண்ணினேன். டேப் ஒட்டியிருந்த இடத்துல பிசுபிசுன்னு ஒரு வட்டம் மிச்சம் இருந்துச்சு, நகத்தால தடவிக் கண்டுபிடிச்சேன். அது வரைக்கும் மருந்தை இழுத்து, சுண்டெலி வாயில வெச்சேன்.

முழுங்கிட்டு, புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டு அவ கேட்டா:

"இன்னைக்கு ரெண்டு தடவையாப்பா?"

"என்னடா செல்லம் சொல்ற?"

"அத்தை குடுத்தாங்களே. பாட்டு பாடுச்சே, அப்போ."

"அக்கா!" நான் போட்ட கத்தல்ல குழந்தை மிரண்டுடுச்சு. கொல்லைப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தவ ஓடி வந்தா. "அக்கா, மருந்து குடுத்தியா?"

"ஆமா. எட்டு மணிக்கு அந்த டப்பா பாட ஆரம்பிச்சுது. நீ வெளிய யார்கிட்டயோ கத்திக்கிட்டு இருந்தே. அணைச்சுட்டுக் குடுத்தேன். உதவி பண்ணா அதுக்கும் கத்துவியா?"

"எவ்வளவு குடுத்தே?"

"எவ்வளவுன்னா? பாட்டில்ல போட்டிருக்கறபடிதான்."

பாட்டில் மேல மருந்துக் கடையில ஒட்டின சீட்டு இருக்கு. அதுல நாலு மில்லின்னுதான் போட்டிருக்கும், பொண்டாட்டி எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. அப்போ நாலும் நாலும் எட்டு. ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டேன். அதுக்கு ஃபோன்ல சுண்டெலி படத்தையே வெச்சிருக்கேன், தொட்டா போதும். ஒரு நர்ஸ் பேசினாங்க. நடந்ததைச் சொன்னேன். நிதானமாக் கேட்டுக்கிட்டாங்க.

"ரெண்டு தடவையும் நாலு மில்லிதானே? நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமாம்மா. பாட்டில்ல போட்டிருக்கறபடி."

"அப்படின்னா பயப்படாதீங்க. கொஞ்சம் தூங்கி வழிவா. பக்கத்துலயே இருங்க, மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க. எழுப்பினா எழுந்திரிக்கணும், அதான் முக்கியம். எழுந்திரிக்கலேன்னா உடனே தூக்கிட்டு வாங்க. இன்னொண்ணு, இந்த மருந்து ரெண்டு வீரியத்துல வருது. உங்க பாட்டில்ல எந்த நம்பர் போட்டிருக்குன்னு பார்த்துட்டு மறுபடி கூப்பிடுங்க."

போன உசுரு பாதி திரும்பி வந்துச்சு. சுண்டெலியை சோபாவுல படுக்க வெச்சு, பக்கத்துல உக்காந்து, பாட்டிலை எடுத்தேன். நம்பர்தானே, ஒரு நம்பர். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். இருபத்தஞ்சு. இல்ல, ஐம்பத்திரண்டு. அதுக்குப் பின்னாடி சைபர் ஒண்ணா ரெண்டா? பயம் ஏற ஏற எனக்கு எழுத்து இன்னும் ஆடும், அது எப்பவும் அப்படித்தான். எழுத்தைப் படிச்சுச் சொல்ற ஆப் ஒண்ணு ஃபோன்ல இருக்கு, அதைக் காட்டினேன். பாட்டில் வளைவு, மேல வழிஞ்ச சிரப், மினுமினுப்பு. அது ஏதோ பாதியில ஆரம்பிச்சு உளறிட்டு நின்னுடுச்சு.

"அக்கா, இதுல என்ன நம்பர் போட்டிருக்கு, படி."

வாங்கிப் பார்த்தா. "இங்க வெளிச்சம் பத்தலையேடா."

ஜன்னல் வழியா வெயில் அவ கை மேலயே விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

"என் கண்ணாடியை எங்க வெச்சேன்..." அப்படின்னா அடுத்தது.

கண்ணாடி அவ தலை மேல இருந்துச்சு. எடுத்து மூக்குல மாட்டி விட்டேன். அவ பாட்டிலைத் திருப்பினா, திருப்பினா. "எழுத்து ரொம்பப் பொடிசு. அதான் நாலுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன உனக்கு?" அப்படின்னு பாட்டிலை என் கையில திணிச்சுட்டு அடுப்படிப் பக்கம் போகத் திரும்பினா.

அது எல்லாம் என்னோட வசனம். வெளிச்சம் பத்தல, கண்ணாடி கொண்டு வரல, எழுத்து பொடிசா இருக்கு, நீயே படிச்சுச் சொல்லு, அப்புறம் பாத்துக்கலாம். இருபது வருஷம் வாடிக்கையாளர்கிட்டயும் பேங்க்லயும் பள்ளிக்கூடத்துலயும் இதே வரிசையில இதைத்தான் நான் சொல்லிக்கிட்டு வந்தேன். அவ கண்ணு லேபிள் மேல ஓடவே இல்ல. ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த நாலுங்கறதைக் கூட நான் ஃபோன்ல சொன்னதைக் கேட்டுத்தான் சொல்றா.

"அக்கா, நில்லு. மருந்தை எதுல ஊத்தின?"

"எதுலன்னா? அதான் பாட்டில் தலையில குட்டிக் கப்பு கவுத்து வெச்சிருக்கே."

"சிரிஞ்சுல குடுக்கலையா?"

"அது என்னமோ விளையாட்டுச் சாமான்னுதானே சொன்னே."

"கப்புல எவ்வளவு?"

அவ புடவைத் தலைப்பை எடுத்து விரல்ல சுத்தினா.

"அக்கா, எவ்வளவு ஊத்தின?"

"நிறையத்தான்டா. இருமல் மருந்துன்னா அப்படித்தானே குடுப்போம்..." குரல் உள்ள போயிடுச்சு.

ஓடிப்போய் கப்புல தண்ணி நிரப்பி, சிரிஞ்சால பிசுபிசுப்பு வரைக்கும் உறிஞ்சி உறிஞ்சிக் கீழ விட்டேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கிட்டத்தட்ட நாலு வேளை மருந்து. அதுக்கு மேல என் கையால ஒரு வேளை. மொத்தம் அஞ்சு.

"உனக்குப் படிக்க வருமா வராதா?" அப்படின்னு கேட்டேன். கத்தல. கத்தறதுக்குக் கூட மூச்சு இல்ல.

என்னைப் பார்த்தா. அந்த மாதிரி அவ முகத்தை நான் பார்த்ததே இல்ல. மாட்டிக்கிட்ட குழந்தை முகம். "வராதுடா," அப்படின்னா. "எழுத்து நிக்காது."

அதைக் கேட்டுக்கிட்டு நிக்க நேரம் இல்ல. சோபாவுக்கு ஓடினேன். சுண்டெலி வாயைத் திறந்து தூங்கறா. "செல்லம், எழுந்திரு. சுண்டெலி, அப்பாவைப் பாரு." கண்ணைப் பாதி திறந்தா, கருவிழி மேல போச்சு, மூடிக்கிச்சு. தூக்கினா தலை தோள்ல நிக்காம தொங்குது. பாட்டிலை சட்டைப் பையில போட்டுக்கிட்டு வாசலுக்குப் பாஞ்சேன். கைப்பிடியில சாவி இல்ல.

"சாவி! சாவி எங்க?"

"மூணாவது டிராயர்ல," அப்படின்னு அவளே ஓடிப்போய் எடுத்துட்டு வந்தா. அவ அடுக்கினதாச்சே, அவளுக்கு நல்லாத் தெரியுது.

என் வண்டி சின்ன வேன், பின்னாடி பூரா டூல் பெட்டியும் பழைய மோட்டாரும். நடுவுல அக்கா குழந்தையை மடியில போட்டு உக்காந்தா. நான் ஓட்டறேன். பின்னாடி அவ குரல் கேட்டுக்கிட்டே இருக்கு. "கண்ணு முழிடி தங்கம். அத்தையைத் திட்டுடி. அத்தை கெட்டவன்னு சொல்லுடி." சுண்டெலி பதிலே சொல்லல. சிக்னல்ல நின்னப்போ திரும்பி, "மூச்சு இருக்கா?" அப்படின்னு கேட்டேன். "இருக்குடா, நெஞ்சுல கை வெச்சிருக்கேன், நீ ரோட்டைப் பாரு." அடுத்த சிக்னல்லயும் அதையே கேட்டேன். அது எந்த ரோடு, எப்படித் திரும்பினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. இவன் ஓட்டற வண்டியில இந்தக் குழந்தை இருக்கே, இவனை நம்பி எப்படி இருக்குன்னு வேற யாரோ மாதிரி என்னைப் பத்தி நானே பயந்துக்கிட்டு இருந்தேன்.

அவசரப் பிரிவுல ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான். சுண்டெலியைக் கட்டில்ல போட்டுக் கண்ணுல டார்ச் அடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "எவ்வளவு குடுத்தீங்க? எத்தனை மணிக்கு?"

நான் பாட்டிலை நீட்டினேன். அக்கா வாயைத் திறந்தா. "பாட்டில்ல போட்டிருக்கற..." அப்படின்னு ஆரம்பிச்சா. நாப்பத்தேழு வருஷப் பழக்கம், நாக்குல தானா வருது. நான் அவளைப் பார்த்தேன். அங்க நர்ஸ் ரெண்டு பேர், பக்கத்துக் கட்டில்ல கால் உடைஞ்ச ஒருத்தர், அவரோட சொந்தக்காரங்க நாலு பேர், எல்லாரும் எங்களையே பார்த்துக்கிட்டு இருக்காங்க.

"இல்லம்மா," அப்படின்னா அக்கா, தேவையே இல்லாத அளவுக்குச் சத்தமா. "எனக்குப் படிக்க வராது. அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. எட்டு மணிக்கு அந்தக் கப்பு நிறைய ஊத்தினேன். வழிய வழிய."

"எட்டே காலுக்கு நான் இன்னொரு நாலு மில்லி குடுத்தேன்," அப்படின்னேன் நான்.

டாக்டர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. "சரியாச் சொன்னீங்க, அது போதும்," அப்படின்னுட்டு நர்ஸ் பக்கம் திரும்பிட்டாங்க. விரல்ல கிளிப் மாட்டினாங்க, மூக்குல குழாய் வெச்சாங்க, கையில ஊசி ஏத்தினாங்க. எங்களைத் திரைக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க.

கிளிப்போட ஒயர் போற மெஷின் உள்ள பீப், பீப்புன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. மெஷின் சத்தம் கேட்டுச் சொல்றவன் நான். இதைக் கேட்டு எனக்கு ஒண்ணுமே புரியல. வேகமாப் போனாலும் பயம், மெதுவாப் போனாலும் பயம். நடுவுல ஒரு தடவை வேற மாதிரி நீளமாக் கத்துச்சு. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். உள்ளேருந்து நர்ஸ், "கிளிப் கழண்டுடுச்சு, ஒண்ணும் இல்ல," அப்படின்னாங்க. அக்கா கீழ தரையிலயே உக்காந்துட்டா.

எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல. பக்கத்துல நானும் உக்காந்தேன். எனக்கு அவளை அடிக்கணும் போல இருந்துச்சு. நிஜமாத்தான் சொல்றேன்.

"உனக்கே வராதுன்னா, என்னை எதுக்குடி அப்படி அடிச்சே?" அப்படின்னேன். அக்காவை வாழ்க்கையில முதல் தடவையா டி போட்டுக் கேட்டேன். அவ அதைக் கவனிச்ச மாதிரியே தெரியல.

"நீ என்னை மாதிரியே இருந்தடா. புத்தகத்தைப் பிரிச்சா உன் கண்ணு எங்கெங்க போகும்னு எனக்குத் தெரியும். அடிச்சா உனக்காவது போயிடும்னு நினைச்சேன். நீ தப்பாப் படிச்சாலும் அது தப்பான்னு எனக்குத் தெரியாது. நீ தயங்கற இடத்துல அடிப்பேன், அவ்வளவுதான்." மூக்கைப் புடவைத் தலைப்பால துடைச்சா. "உங்க மாமாவுக்குக் கூடத் தெரியாது. கடையில யாருக்கும் தெரியாது."

"இன்னைக்கு என் பொண்ணைக் கொன்னிருப்பே."

"ஆமாடா."

அவ மறுத்திருந்தா இன்னும் திட்டியிருப்பேன். அவ ஒத்துக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ கேட்டா: "அந்த டேப்பு எதுக்குடா? நிஜமாச் சொல்லு."

சொன்னேன். சிவப்பு எதுக்கு, நீலம் எதுக்கு, பச்சை எதுக்கு. எனக்கு ஞாபகம் எப்படிப் போகும், டாக்டர் என்ன பேர் சொன்னார், எல்லாம். அவ கேக்கக் கேக்கத் தலையைத் தலையை ஆட்டினா.

"நான் முடிச்சுப் போட்ட நாடாவை எவளாவது அவுத்தா கையை ஒடிச்சிடுவேன்," அப்படின்னா கடைசியில. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைத் தொட்டிருப்பேனாடா?"

தொட்டிருக்க மாட்டா. அது எனக்கு நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜன்னல் பக்கத்துல நின்னு அவ கேட்டா, நான் சும்மான்னு சொன்னேன். அவகிட்ட வெக்கப்பட்டு, என் குழந்தையோட உசுரைக் காப்பாத்தற ஆணியை விளையாட்டுன்னு சொன்னவன் நான். கப்பை அவ ஊத்தினா, சரி. ஊத்த விட்டது யாரு?

பன்னண்டரைக்கு டாக்டர் திரையை விலக்கினாங்க. "மூச்சு நல்லா இருக்கு. கூப்பிட்டா கையை இழுக்கறா. இனிமே மயக்கம் ஏறாது, குறையத்தான் செய்யும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரி மருந்து வேண்டாம், நாளைக்கு நாங்களே குடுக்கறோம்."

ரெண்டு பேரும் உள்ள போனோம். நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். எங்களுக்கு நடுவுல அவ்வளவு சின்னதா அவ படுத்திருக்கா, மூக்குல குழாயோட. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒண்ணு அடிச்சு இருபது நிமிஷத்துக்குக் கண்ணைத் திறந்தா. என்னைத் தேடிப் பிடிக்கவே அவளுக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

"பசிக்குதுப்பா," அப்படின்னா, நாக்கு தடிச்சுப் போய்.

அக்கா முகத்தை மூடிக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், எனக்கு என்ன வெக்கம்.

அப்போதான் என் பையில ஃபோன் அடிச்சுது. திரையில என் பொண்டாட்டி சிரிக்கற படம். சாப்பாட்டு நேரம் விட்டிருக்காங்க. எடுத்து ஸ்பீக்கர்ல போட்டேன், கையில பிடிக்கற நிலைமை இல்ல. மெஷின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கணும். ஏன்னா அவ ஹலோன்னு கூடச் சொல்லல.

"எங்க இருக்கீங்க? அது என்ன சத்தம்? சுண்டெலி எங்க?"

"ஆஸ்பத்திரியில. நல்லா இருக்கா. கண்ணு முழிச்சுட்டா. பயப்படாத," அப்படின்னேன். "மருந்து கூடிப் போச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி ஒண்ணு கீழ விழற சத்தம் கேட்டுச்சு.

"எப்படிக் கூடும்? ஆணி இருக்கே! யாரு பண்ணினது?"

"நான்தான்," அப்படின்னேன்.

"நான்தாம்மா," அப்படின்னா அக்கா, அதே நேரத்துல.

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ஃபோன்ல அவ மூச்சு விடற சத்தம் மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு, அவ காத்துக்கிட்டு இருந்தா.